காத்து வாங்க வந்தவர்கள்

பாட்டுக் கேட்க வந்தேன் என்று இந்தக் கடற்கரையில் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. "என்ன காக்கா, இந்தப் பக்கம்?" என்று கேட்டால், "சும்மா, காத்து வாங்க வந்தன்" என்பார் மருதமுனைச் சாரனை மடித்துக் கட்டியவர். பேரன் அழுதானாம், அதனால் வந்தாராம் இன்னொருவர். நேர்ச்சைக் காசு போட வந்தது, தொதல் வாங்க வந்தது, மகளைக் கூட்டிப்போக வந்தது என்று ஆளுக்கொரு காரணம் கையில் இருக்கும். ஆனால் இஷா தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியின் முன்றலில் கால் வைக்க மணல் கிடையாது.

நாகூர் ஆண்டகை தர்கா என்றும் இதற்குப் பெயருண்டு. பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்து அங்கேயே அடங்கிய ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாகக் கடலோரத்தில் எழுந்த இடம். அடக்கத்தலம் நாகூரில், இங்கே மினாராவும் கொடியும்தான். ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் ஊருக்குள்ளிருக்கும் பெரிய பள்ளியிலிருந்து கொடி ஊர்வலமாக வந்து ஏறும். பன்னிரண்டு நாள். கடைசியில் கந்தூரிச் சோறு. இருநூறு தடவைக்கு மேல் ஏறிவிட்ட கொடி இது. அந்தப் பன்னிரண்டு இரவுகளுக்கு மட்டும் இந்தக் கரையில் ஒரு திறந்தவெளி இசையரங்கு உண்டாகிறது. மற்ற நாட்களில் அதே மணலில் கரைவலை காயும், பையன்கள் பந்தடிப்பார்கள்.

இசைக்கு முன்னால் நெருப்பு வேண்டும். பள்ளிச் சுவரின் மூலையில், காற்று மறைவுக்கு ஒரு தகரத்தைச் சாத்தி, றபான் என்ற கைப்பறையைத் தட்டிப் பாட வந்த பக்கீர் பாவா ஒருவர் தேங்காய் மட்டையைக் கொளுத்துகிறார். இந்த முறை கொடி மாரிக்குள் விழுந்துவிட்டது. மாரிக் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்தால் ஆட்டுத்தோல் தொய்ந்துபோகும்; அடித்தால் நாதம் எழாது, பொத்தென்று விழும். சுவாலை அடங்கித் தணலானதும் றபானின் முகத்தைக் கீழாகப் பிடித்து, ஒரு சாண் உயரத்தில் சுழற்றுகிறார். றொட்டி போடுகிற பெண்ணின் கையைப்போல அந்தக் கைக்கும் சூடு எவ்வளவென்று தெரிந்திருக்கிறது. நாலு சுற்று. காதோரம் வைத்து நடுவிரலால் ஒரு தட்டு. போதாது. இன்னும் இரண்டு சுற்று. இப்போது விளிம்பில் விரல் பட்டதும் 'ணங்' என்று எழுகிறது. பக்கத்தில் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தவரின் அகப்பை நிற்கிறது. "இப்ப சரி," என்கிறார் அவர், யாரையும் பார்க்காமல். கூடக் காய்ச்சினால் தோல் வெடித்துவிடும், குறையக் காய்ச்சினால் பத்து நிமிடத்தில் மறுபடி தொய்யும். இரவு முழுக்க இதுதான் நடக்கும். ஐந்தாறு றபான் பாட்டில் இருக்க, ஒன்று எப்போதும் தணலுக்கு மேலே சுழன்றுகொண்டிருக்கும்.

முன்வரிசை வயசாளிகளுடையது. பாய் போட்டிருக்கிறார்கள், பாயில் இடமில்லாதவர்கள் செருப்பைக் கழற்றி அதன்மேல் குந்தியிருக்கிறார்கள். பாவாமார் பச்சைத் தலைப்பாகையும் கழுத்து நிறைய மணியுமாக அரைவட்டத்தில் அமர்ந்து, முதலில் மெல்லத் தட்டி, ஒருவர் குரலெடுக்க மற்றவர் ஏந்துகிறார்கள். சலவாத்து, பிறகு முஹிய்யத்தீன் ஆண்டகை மீது புகழ், பிறகு நாகூரார் கதை. மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையை, முகம் மழித்துக்கொண்டிருந்தவர் தம் கையிலிருந்த கண்ணாடியை வீசி அடைத்த கதை. கடலில் தொழில் செய்கிற ஊருக்கு இதைவிட வேறு கதை எதற்கு? கரைவலைத் தோணியில் சாய்ந்து நின்ற இருவரில் இளையவன் கேட்கிறான்: "கண்ணாடியால ஓட்ட அடைக்க ஏலுமா மச்சான்?" மூத்தவன் சிரிக்கவில்லை. "அவுலியாட கண்ணாடி அது. நீ அடைக்கிறத்துக்குப் பைபர் வாங்கு." இரண்டு பேரும் அதற்குமேல் பேசாமல் கேட்கிறார்கள். கப்பல் கரை சேரும் வரியில் மூத்தவனின் கை தோணியின் விளிம்பைத் தட்டுகிறது. தாளம் பிசகவில்லை.

ஒலிவாங்கிக்காரர் ஒரு தனி உலகம். அவரிடம் ஒரு பொத்தான் இருக்கிறது, எதிரொலி கூட்டுகிற பொத்தான். அதைத் திருப்பாமல் அவரால் இருக்க முடியாது. திருப்பியதும் பாவாவின் ஒரு சொல் மூன்றாகப் பெருகி, அடுத்த சொல்லின் தலையில் ஏறி, அர்த்தம் கரைந்து வெறும் ஓசையாகிறது. "என்னத்தச் சொல்றாரெண்டே விளங்கல்ல," என்கிறது முன்வரிசை. "சவுண்ட் அந்தமாதிரி!" என்கிறார்கள் பின்னால் மோட்டார் சைக்கிள்களில் இருப்பவர்கள். ஒரே பொத்தானுக்கு இரண்டு தீர்ப்பு. என் கட்சி முன்வரிசை. தோலும் தொண்டையும் மட்டுமே உள்ள இசைக்கு எதிரொலி எதற்கு? ஆனால் நான் பேச வந்தவனில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார் சைக்கிள்காரர்களில் ஒருவன் அறுகம்பையில் வேலை செய்கிறான். தெற்கே எழுபது கிலோமீற்றருக்கு மேல் போனால் பொத்துவில். அங்கே சீசன் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்காகக் கடற்கரையில் விடிய விடிய இசை. அவன் சொல்கிறான், அங்கே பாஸ் பெட்டிக்கு முன்னால் நின்றால் நெஞ்சுக்கூடு இடிக்குமாம், மணல் அதிருமாம். இங்கே அதெல்லாம் ஒன்றுமில்லையாம். மற்றவன் போனை நீட்டி யாழ்ப்பாணம் முற்றவெளியைக் காட்டுகிறான். 2024 பெப்ரவரி 9, ஹரிஹரன் பாட வந்த இரவு. காசு கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் நடுவே போட்ட தடுப்பைக் கூட்டம் தள்ளிக்கொண்டு உள்ளே பாய, பாட்டுச் சற்று நேரம் நின்றுபோனது. மூன்றாமவனுக்குச் சென்னைக் கதை தெரியும்: 2023 செப்டெம்பர் 10, பனையூரில் ரஹ்மான். ஆகஸ்டில் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய், கடைசியில் நடந்தபோது டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே எத்தனையோ பேர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். "ரஹ்மான் சேர் பிறகு டிக்கெட்டக் கொப்பி எடுத்து அனுப்பச் சொன்னவர்," என்கிறான், சொந்தக்காரரைப்பற்றிச் சொல்வதுபோல. அது உண்மைதான்.

"இஞ்ச அந்தப் பிரச்சின இல்ல. வேலி இல்லயே," என்கிறான் அறுகம்பைக்காரன்.

வேலி இல்லைதான். கதவும் இல்லை, நாற்காலியும் இல்லை, ஆகவே நல்ல இடம் எது என்பதை ஒவ்வொருவரும் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் ஓடிப்போய் முன்னால் குந்துகிறார்கள். ஊர்க்காரர்கள் முன்றலைக் கடந்து, தெருப்பக்கம், மதிலோரமாகப் போய் நிற்கிறார்கள். ஒலிபெருக்கிக்குத் தூரமாகப் போகிறார்களே என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் இங்கும் அங்கும் நின்று பார்த்தபிறகுதான் சங்கதி புரிகிறது. மாரியில் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி அடிக்கிறது. நிலத்தோடு உரசி வருகிற காற்றுக்கு வேகம் குறைவு, மேலே போகிறதற்குக் கூட. காற்றோடு போகிற ஒலி அதனால் கீழ்நோக்கி வளைந்து காதில் இறங்கும். எதிர்த்துப் போகிற ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். கடற்பக்கம் முப்பது பாகம் தள்ளி நின்றவனுக்கு றபானின் நுனிச்சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. அதே தூரத்தில் தெருப்பக்கம் நிற்பவர் பாவா மூச்செடுப்பதைக்கூடக் கேட்கிறார். காற்று ஊரிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற கச்சான் காலத்தில் கொடி வந்தால் எல்லாம் தலைகீழ். அப்போது பாட்டு முழுக்கக் கடலுக்குப் போகும், மதிலோரம் மொக்கையாகிவிடும், தோணிக்காரர்களுக்கு நல்ல யோகம்.

இடத்தைப்பற்றி எல்லோரும் நல்லதுதான் சொல்கிறார்கள். சாய்ந்தமருதுப் பக்கமிருந்து குடும்பத்தோடு ஓட்டோவில் வந்திறங்கிய ஒரு மனிதர், இடுப்பில் கை வைத்து வெளியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல விசாலமான இடம். இப்பிடி இருந்தாத்தான் சனம் வந்து இரிக்கலாம்," என்று மனைவியிடம் சொல்கிறார். மனைவி பதில் சொல்லவில்லை, பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்கிறார்.

விசாலம் எப்படி வந்தது என்று இந்த ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கல்முனைக்குடிக் கடலோரம் வீட்டோடு வீடு ஒட்டி, கடப்புக்குக் கடப்பு கை எட்டுகிற நெருக்கமாக இருந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கிட்ட, கடல் உள்ளே வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மௌத்து. இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு இல்லை. பிறகு கரையோரத்தில் வீடு கட்டத் தடை. கிழக்குக்கு முதலில் 200 மீற்றர் என்றார்கள், பின்னர் குறைத்து இந்தப் பக்கத்துக்கு 65 மீற்றரில் வந்து நின்றது. உயிர் தப்பியவர்களில் பலர் கிரீன் பீல்ட் மாதிரியான வீட்டுத் திட்டங்களின் மாடிக்குப் போனார்கள். அந்த ஆண்டு கொடி மாதம் ஜூலையில் வந்திருந்தது. அடுத்த கொடி மாதமும் ஜூலைதான், ஆனால் பாட்டுக் கேட்கிற மணலுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த சுவர்கள் அப்போது இல்லை. சிங்கப்பூரில் இதே நாகூராரின் பெயரால் தெலுக் ஆயர் தெருவில் ஒரு தர்கா இருக்கிறது, 1830 இல் கட்டி முடித்தது. அதுவும் கடலோரத்தில் நின்றதுதான். அங்கே கடலை மண்போட்டு நிரப்பித் தூரத்துக்குத் தள்ளிவிட்டார்கள், இப்போது சுற்றிவரக் கட்டடங்கள். இங்கே நடந்தது அதற்கு மறுபுறம்.

பெண்கள் பக்கத்தில் இந்தக் கணக்கு வேறு மாதிரி நடக்கிறது. வடக்கே, கடைகள் முடிகிற இடத்தில், படங்கு விரித்து அமர்ந்திருக்கிறார்கள். இடம் பிடிக்கிற சண்டை அங்கே கிடையாது, ஏனென்றால் வயதான பெண்கள் வந்ததும் நேராக ஒரு இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். சின்னப்பெண் ஒருத்தி, "பெத்தா, அங்க ஒண்டும் தெரியாதே, முன்னுக்கு வாங்களன்," என்று இழுக்கிறாள். பெத்தா அசையவில்லை. "எனக்குக் கேக்குது. இஞ்சதான் எங்கட குசினி," என்கிறார், வெற்றிலைப்பையைத் திறந்தபடி. நிகழ்காலத்தில்தான் சொன்னார். பக்கத்திலிருந்த ராத்தா தன் இடத்தைச் சற்று ஒதுக்கிக் கொடுத்து, "அப்ப நாங்க உங்கட ஹோலுக்குள்ள இரிக்கம்," என்றார். இருவரும் சிரித்தார்கள். பாக்கு வெட்டுகிற சத்தம் றபானுக்கு நடுவே கேட்டது. பாட்டைப்பற்றிப் பெத்தாவின் கருத்து ஒரே வரி: முன்பு வந்த பாவா ஒருவருக்குக் குரல் இதைவிடக் கனம்.

தாடியை ஒழுங்காக வெட்டி, கணுக்காலுக்கு மேல் காற்சட்டை போட்ட ஒரு இளைஞர் தெருவிளக்குக் கம்பத்தடியில் நிற்கிறார். கூட்டாளியிடம் இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாத காரியம் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். கொடி, கந்தூரி, றபான், ஒவ்வொன்றுக்கும் அவரிடம் மறுப்பு உண்டு. குரலில் வெறுப்பில்லை, படித்ததை ஒப்புவிக்கிற ஒழுங்கு. இந்த வாதம் இந்தக் கரையூர்களில் முப்பது நாற்பது வருடமாக நடக்கிறது, வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஒரே சாப்பாட்டுச் சஹனில் கை வைக்கிற வாப்பாவும் மகனும் இரண்டு பக்கம் நிற்பார்கள். இளைஞர் வந்தது வாப்பாவைக் கூட்டிப்போக. வாப்பா முன்வரிசையில் பாயில் இருக்கிறார். அவர் எழும்புகிற குறி இல்லை. மகன் கூட்டாளியை அனுப்பிவிட்டு, கம்பத்தில் சாய்ந்து, இஞ்சிப் பிளேன்டீ ஒன்று வாங்கிக்கொள்கிறார். அவர் நிற்கிற இடம், காற்றுக் கணக்குப்படி, முன்றலிலேயே மிக நன்றாகக் கேட்கிற இடம்.

பத்து மணியளவில் மழை. முன்னறிவிப்பெல்லாம் இல்லை, கடல்மேல் ஒரு வெள்ளைத் திரை நகர்ந்து வந்ததைத் தோணிக்காரர்கள் மட்டும் பார்த்தார்கள். முதலில் காப்பாற்றப்பட்டவை றபான்கள். பாவாமார் தங்கள் போர்வையை எடுத்து அவற்றைச் சுற்றினார்கள், தலை நனைந்தால் நனையட்டும் என்று. பிறகு ஒலிவாங்கிக்காரரின் பெட்டி. அதன் பிறகுதான் சனம். வளையல் கடை, மஸ்கட் கடை, பூந்திக் கடை என்று கிடைத்த படங்குகளுக்குக் கீழே எல்லோரும் ஒடுங்கினோம். ஆணும் பெண்ணும் சின்னதும் பெரிதும் அங்கே கலந்துபோனது. கடைக்காரர் ஒருவரின் ஒலிபெட்டியில் நாகூர் ஹனிபா பாடிக்கொண்டிருந்தார். 2015 ஏப்ரலில் மௌத்தான மனிதரின் குரல், மின்சாரம் இருந்தால் போதும், எந்த மழையிலும் தொய்வதில்லை. "இவர்ட குரலுக்கு மைக்கே தேவல்ல," என்றார் ஒரு பெரியவர். பூந்தி கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர், "கெசட் காலத்தில இருந்து இவர்தான் எனக்கு ஏவாரம் பாக்கிறார்," என்றார். இசையைப்பற்றி அன்றிரவு ஒருவர் வெளிப்படையாகச் சொன்ன பாராட்டு இவ்வளவுதான், அதுவும் அங்கே இல்லாத பாடகருக்கு.

மழை விட்டதும் பாதிப்பேர் போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. அன்று றாத்திபு இருந்தது, திக்ரு சொன்னபடி ஆயுதத்தால் உடலில் குத்திக்கொள்கிற சடங்கு. ரிபாயியா வழிப் பாவாமார் எழுந்து நின்றார்கள். கலீபா துஆ ஓதி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அனுமதி கொடுக்க, ஊசியும் கத்தியும் வெளியே வந்தன. பிள்ளைகளின் கண்ணைப் பொத்திய உம்மாமார் தங்கள் கண்ணைப் பொத்த மறந்துபோனார்கள். அதுவரை கதை சொல்லிய றபான்கள் இப்போது சொல்லை விட்டுவிட்டன. ஒரே அடி, ஒரே பெயர், மெல்ல மெல்ல நெருங்குகிற இடைவெளி. ஒலிவாங்கிக்காரர் எதிரொலிப் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். பயமோ மரியாதையோ, எதுவானாலும் நல்ல காரியம். தோலில் விரல் விழுகிற சத்தம் அப்போதுதான் அதன் சொந்தக் கனத்தோடு வந்தது. அறுகம்பைக்காரன் மோட்டார் சைக்கிளை விட்டிறங்கி முன்னால் வந்து நின்றான். போன் கையில் இருந்தது, ஆனால் திரை அணைந்திருந்தது. பக்கத்தில் நின்றவன் ஏதோ கேட்க, "பொறு, பொறு," என்று கையால் மறித்தான். முன்வரிசையில் அந்த இளைஞரின் வாப்பா கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். மகன் கம்பத்தடியில் காலியான கோப்பையைத் திருப்பிக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் சனம் கலைகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். பாராட்டுக் கைதட்டல் இங்கே வழக்கமில்லை. ஒரு சலவாத்து, முகத்தில் கை தடவல், செருப்புத் தேடல். சாரனில் மணலைத் தட்டிக்கொண்டு நடந்தவர்கள் மழையைப்பற்றியும் நாளை மீன்படுமா என்பதைப்பற்றியும் பேசினார்கள். "எப்பிடிக் காக்கா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நல்ல காத்து," என்று பதில் வந்தது.

கச்சான் விற்றவர் தணலை மண்போட்டு அணைத்துவிட்டு, பக்கத்து வளையல் கடைக்காரரோடு அடுத்த வருட இடத்தைப் பேசிக்கொண்டிருந்தார். பிறைக்கணக்கில் கொடி வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். அடுத்த முறையும் மாரி தப்பாது, அதனால் மதிலோரம்தான் தனக்கு வேண்டும் என்கிறார். சனம் அங்கேதான் நிற்கிறது, நின்றால்தான் கொறிக்கும். வளையல்காரர் விடவில்லை. மதிலோரம் இவ்வளவு காலமும் தன்னுடையதாம், 2001 இல் ஆகஸ்டில் கொடி ஏறியபோது, ஒரு குருவி எட்டிப் பார்க்காத அந்த மூலையில் கடை போட்டு நட்டப்பட்டது யார் என்று கேட்கிறார்.

"சரி, அப்ப பத்துப் பன்னிரண்டு வருசத்தில திரும்பக் கச்சானுக்குள்ள வந்திரும்," என்றார் இவர், சுளகைக் கவிழ்த்துத் தட்டியபடி. "அப்ப நான் கடப்பக்கம் போறன், மதிலை நீங்களே வெச்சிக்கங்க. அதுவரைக்கும் எனக்குத் தாங்க."

வளையல்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, மதிலோரத்தில் பாதி தருவதாகச் சொன்னார்.